தமிழில் டெக்ஸ்ட் அட்வெஞ்சர்: ட்வைனா, இங்க்கா, இன்ஃபார்மா? வேற்றுமை உருபை எப்படிச் சமாளிப்பது?

மூடியகதவு:

வணக்கம். முழுக்கத் தமிழில் ஒரு டெக்ஸ்ட் அட்வெஞ்சர், அதாவது எழுத்தைப் படித்து ஆடும் கதை விளையாட்டு, செய்யத் திட்டம். அதற்கான டூல்களாக ட்வைன், இங்க், இன்ஃபார்ம் மூன்றையும் சொல்கிறார்கள். சுமார் 40 இடங்கள், எடுத்து வைத்துக்கொள்ளக்கூடிய பொருட்கள் 15, முடிவுகள் 2. போன் பிரவுசரில் அப்படியே ஓட வேண்டும், எதையும் இன்ஸ்டால் செய்யச் சொல்லக் கூடாது. ஜாவாஸ்கிரிப்ட் ஃபங்ஷன், அர்ரே அளவுக்குத் தெரியும்.

ட்வைனில் ஹார்லோ ஃபார்மட்டில் ஐந்தாறு பேசேஜ் (கதைத் துண்டு) போட்டுப் பார்த்ததில் இரண்டு சிக்கல்.

பொருளின் பெயரை வேரியபிளில் வைத்து, அதன் பின்னால் "ஐ எடுத்தாய்" என்று ஒட்டினால் திரையில் "புத்தகம்ஐ எடுத்தாய்" என்று வருகிறது. ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனி வாக்கியம் எழுதுவதுதான் வழியா?

அடுத்து, நெட்டில் கிடைத்த இன்வென்டரி (கைவசப் பொருள் பட்டியல்) கோடைப் போட்டால் அது ஓடாமல், இரட்டைக் கோண அடைப்புக்குறியோடு அப்படியே திரையில் எழுத்தாக வந்து நிற்கிறது.

இன்னொரு ஆசையும் உண்டு. பட்டனைத் தட்டுவதோடு நில்லாமல், ஆடுபவர் "விளக்கை ஏற்று" என்று டைப் செய்து ஆடும்படி வைக்க முடியுமா? அதற்கு இன்ஃபார்ம்தான் என்கிறார்கள். சிலர் இங்க் என்கிறார்கள். எதில் இறங்குவது?

---

நூல்கண்டு:

இரண்டாவது சிக்கலை முதலில் முடித்துவிடலாம். ட்வைன் என்பது எடிட்டர் மட்டுமே. கதையை ஓட்டுவது ஸ்டோரி ஃபார்மட். கூடவே வருபவை நான்கு: ஹார்லோ, சுகர்கியூப், சாப்புக், ஸ்னோமேன். நான்குக்கும் கட்டளை எழுதும் முறை வேறு வேறு. ஹார்லோ கட்டளைகள் சாதாரண அடைப்புக்குறியில் இருக்கும், சுகர்கியூப் கட்டளைகள் இரட்டைக் கோணக்குறியில் இருக்கும். நீங்கள் எடுத்தது சுகர்கியூப் கோட், ஓட்டியது ஹார்லோவில். ஹார்லோவுக்கு அது வெறும் எழுத்து. 40 இடம் எழுதிய பிறகு ஃபார்மட்டை மாற்றினால் எல்லா லாஜிக்கையும் திரும்ப எழுத வேண்டிவரும், ஆகவே இப்போதே முடிவு செய்யுங்கள். 15 பொருள், சேவ் வசதி, ஓரளவு ஜாவாஸ்கிரிப்ட் என்றால் சுகர்கியூப். பக்கப்பட்டியும் சேவ் மெனுவும் அதில் தயாராகவே இருக்கின்றன, இன்வென்டரியைப் பக்கப்பட்டியில் காட்டிவிடலாம்.

தமிழுக்கு எந்த டூல் ஒத்துவரும் என்பதை ஒரே கேள்வியாகப் பார்க்காதீர்கள். திரையில் காட்டும் தமிழ் எல்லா டூலிலும் ஓடும். கோடுக்குள் பெயராக வரும் தமிழ் சிலவற்றில்தான் ஓடும். ஆடுபவர் டைப் செய்யும் தமிழில்தான் எல்லாம் உடையும்.

ட்வைனில் பேசேஜ் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம்:

[[வாளியை இறக்கு->கிணற்றடி]]

இது சரியாக ஓடும். ஆனால் சுகர்கியூபில் டாலர் குறியோடு வரும் வேரியபிள் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும். தமிழில் வைத்தால் அதை வேரியபிளாகவே பார்க்காது.

பேசேஜ் பெயரில் இன்னொரு கண்ணி. ஓரிடத்தில் "சமையலறை", இன்னோரிடத்தில் "சமையல் அறை" என்று லிங்க் கொடுத்தால் ட்வைன் எச்சரிக்காது, இரண்டாவது பெயரில் புதிதாகக் காலி பேசேஜ் ஒன்றைத் திறந்துவிடும். பேசேஜ்கள் பெட்டிகளாகத் தெரியும் மேப்பில் எதிர்பாராத காலிப் பெட்டி தெரிந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருந்தும் லிங்க் சேரவில்லையா? "ொ" என்ற குறி யூனிகோடில் ஒரே எழுத்தாகவும் வரலாம், "ெ", "ா" என்று இரண்டாகவும் வரலாம். "கொல்லை" என்பதை இரண்டு கீபோர்டில் அடித்தால் கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. "ோ", "ௌ" இரண்டுக்கும் இதே கதை. பெயரை மறுபடி அடிக்காமல் காப்பி செய்து போடுவதுதான் பாதுகாப்பு.

சுகர்கியூபில் தொடங்குபவர்கள் வழக்கமாக விழும் குழிகள்:

ஒரு பேசேஜுக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும் அதிலுள்ள கோட் முழுவதும் மறுபடி ஓடும். "சாவி கிடைத்தது" என்று அங்கேயே எழுதி வைத்தால், நான்கு முறை வந்தவர் கையில் நான்கு சாவி இருக்கும். ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டே சேருங்கள். தொடக்க மதிப்புகளை ஸ்டோரிஇனிட் என்ற தனி பேசேஜில் வையுங்கள்.

ஃபங்ஷன்களை டாலர் வேரியபிளில் வைக்காதீர்கள். அவை சேவ் ஃபைலுக்குள் போகும், சிக்கல் அங்கிருந்து தொடங்கும். அவற்றுக்கென்றே செட்டப் என்ற ஆப்ஜெக்ட் இருக்கிறது.

நான்கு வரி கட்டளை எழுதினால் நான்கு காலி வரி திரையில் வரும். அந்த பேசேஜுக்கு நோபிஆர் என்ற டேக் கொடுத்தால் போய்விடும்.

பிரவுசரில் ட்வைனைத் திறந்து எழுதினால் கதை அந்த பிரவுசரின் லோக்கல் ஸ்டோரேஜில்தான் இருக்கும். ஹிஸ்டரியோடு சைட் டேட்டாவையும் துடைத்தால் கதையும் போயிற்று. சஃபாரி இன்னும் மோசம், 7 நாள் அந்தத் தளத்தைத் தொடாமல் இருந்தால் தானாகவே துடைக்கும். டெஸ்க்டாப் வெர்ஷன் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டருக்குள் ஃபைலாகவே எழுதிவிடும், அதையே பயன்படுத்துங்கள்.

பேசேஜ் எண்ணிக்கை 100 நெருங்கும்போது மேப் நூடுல்ஸ் ஆகிவிடும். அப்போது ட்வீகோ என்ற கமாண்ட்லைன் கம்பைலருக்கு மாறலாம். சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில், வரியின் தொடக்கத்தில்

:: கிணற்றடி

என்று போட்டுவிட்டுக் கீழே எழுத வேண்டியதுதான். ஃபைல் யூடிஎஃப்-8 ஆக இருக்கட்டும். ஓர் இடத்துக்குப் பத்துப் பெட்டி வரையாமல், ஒரு பகுதிக்கு ஒரு ஃபைல் என்று வைத்துக்கொள்ளலாம். எடிட்டரின் தேடி மாற்றும் வசதியும் கிடைக்கும், எழுத்துப்பிழை திருத்த அது ஒன்றே போதும்.

---

பொன்மை:

சுகர்கியூப் சரிதான். ஆனால் கதையில் உரைநடை அதிகம், பொருட்கள் சும்மா திறவுகோல் மாதிரி பயன்படுகின்றன என்றால் இங்க்கைத் தள்ளிவிடாதீர்கள். இங்கிள் நிறுவனம் 2016இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்டது, எடிட்டரின் பெயர் இங்கி. இடப்பக்கம் எழுத எழுத வலப்பக்கம் ஓடும். வெப்புக்கு எக்ஸ்போர்ட் செய்தால் ஒரு ஃபோல்டர் தரும், அதை அப்படியே ஏற்றலாம்.

இங்க்கின் சதுர அடைப்புக்குறி தமிழுக்கென்றே செய்தது போல இருக்கும். இந்த ஒரு வரியைப் பாருங்கள்:

* கதவைத் [தட்டு]தட்டினாய். உள்ளே சத்தமே இல்லை.

அடைப்புக்குறிக்கு முன்னால் உள்ளது சாய்ஸிலும் வரும், தேர்ந்த பிறகும் வரும். உள்ளே உள்ளது சாய்ஸில் மட்டும். பின்னால் உள்ளது தேர்ந்த பிறகு மட்டும். ஆகவே பட்டனில் "கதவைத் தட்டு", தட்டியதும் "கதவைத் தட்டினாய். உள்ளே சத்தமே இல்லை." ஏவலுக்கும் இறந்தகாலத்துக்கும் இரண்டு வாக்கியம் எழுத வேண்டாம். ஆசைப்பட்டு "தட்[டு]டினாய்" வரை வெட்டலாம், ஓடும், ஆனால் மறுநாள் உங்களுக்கே படிக்க முடியாது.

இடங்களில் நட்சத்திரக் குறி சாய்ஸ் ஒருமுறை தேர்ந்ததும் மறைந்துவிடும். "வடக்கே போ" போன்றவற்றுக்குக் கூட்டல் குறி போடுங்கள், அது நிலைத்து நிற்கும். எல்லாவற்றுக்கும் நட்சத்திரமே போட்டால், மூன்றாவது முறை வருபவருக்கு ஒரு சாய்ஸும் மிஞ்சாது, "ரன் அவுட் ஆஃப் கன்டென்ட்" என்று எரர் வரும். நேரே விளையாடிப் பார்க்கும்போது இது தெரியாது. பின்னும் முன்னும் நடந்து பார்த்தால்தான் அகப்படும்.

இங்க்கின் குறை: முடிச்சின் (இங்க்கில் ஒரு கதைப் பகுதி) பெயர், வேரியபிள் பெயர், லிஸ்ட் உறுப்புப் பெயர் எதையும் தமிழில் வைக்க முடியாது. பெயர்களில் அது ஏற்கும் எழுத்து வரிசைகளில் கிரேக்கம், சிரிலிக், அரபி, கொரியன் எல்லாம் உண்டு. தமிழ் இல்லை. லிஸ்ட்டை அப்படியே அச்சிட்டால் ஆங்கிலப் பெயர்தான் திரையில் வரும். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் பெயர் திருப்பித்தரும் சின்ன ஃபங்ஷன் ஒன்று கட்டாயம் எழுத வேண்டும்.

---

இருட்டறை:

டைப் செய்து ஆடும் ஆசைக்கு வருகிறேன். இன்ஃபார்ம் 7 ஆங்கிலத்துக்கு அருமையான கருவி. அறை, கதவு, பூட்டு, பெட்டி, வெளிச்சம் எல்லாம் உள்ளேயே கட்டியிருக்கும். அறை, பொருள் பெயர்களை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு, மேற்கோளுக்குள் வரும் உரையைத் தமிழில் எழுதலாம். காட்டுவதில் தடை இல்லை. கேட்டுப் புரிந்துகொள்வதில்தான் மூன்று முட்டுக்கட்டை.

ஒன்று, இன்ஃபார்ம் கதையை ஓட்டும் கற்பனைக் கம்ப்யூட்டரான இஸட்-மெஷின். 1979இல் இன்ஃபோகாம் என்ற விளையாட்டு நிறுவனம் வடிவமைத்தது, அந்தக் காலத்து மெமரிக்கு ஏற்பச் சுருக்கியது. அதன் அகராதியில் ஒரு சொல்லுக்கு 9 குறியீட்டு இடம்தான். ஆங்கிலச் சிறிய எழுத்து ஒவ்வொன்றும் 1 இடம் எடுக்கும். எழுத்து அட்டவணைக்கு வெளியே இருக்கும் எழுத்து 4 இடம் எடுக்கும். அப்படியானால் தமிழ்ச் சொல்லில் இரண்டு குறிதான் முழுதாகப் பதியும். "கதவு", "கதை" இரண்டும் அகராதியில் ஒன்றே. எழுத்து அட்டவணையை மாற்றி இதை ஓரளவு தளர்த்தலாம், ஆனால் இந்தக் காலத்தில் அந்தப் பாடு தேவையில்லை. இஸட்-மெஷின் வேண்டாம், கம்பைல் செய்யும்போது அதற்கு மாற்றான கிளல்க்ஸைத் தேர்ந்தெடுங்கள். பார்ச்மென்ட் என்ற வெப் ஓட்டி இரண்டையுமே பிரவுசரில் ஓட்டும்.

இரண்டு, கிளல்க்ஸிலும் அகராதிச் சொல்லின் நீளம் வழக்கமாக 9தான், எழுத்துக்கு ஒரு பைட்தான். ஒரு பைட்டில் தமிழ் நுழையாது. இன்ஃபார்ம் 7க்கு அடியில் ஓடும் இன்ஃபார்ம் 6 கம்பைலரில் அகராதி எழுத்தின் அளவை 4 ஆக்கும் அமைப்பு இருக்கிறது, அதைப் போட வேண்டும். போட்ட பிறகும் 9 என்பது தமிழுக்குக் குறைவு, ஏனென்றால் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படும். "புத்தகத்தை" என்பதில் 10 குறி, "புத்தகத்தில்" என்பதில் 12. முதல் 9 இரண்டிலும் "புத்தகத்த" வரைதான். டைப் செய்ததைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் பகுதியான பார்சருக்கு இரண்டும் ஒரே சொல், ஐயும் இல்லும் கண்ணில் படாது. நீளத்தை 20 ஆக்குங்கள்.

மூன்று, சொல் வரிசை. இன்ஃபார்மின் இலக்கண வரிகள் வினைச்சொல் முதலில் வரும் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நமக்கு வினை கடைசியில்: "சாவியால் கதவைத் திற". இன்ஃபார்ம் 6 லைப்ரரியில் லாங்குவேஜ்-டு-இன்ஃபார்மீஸ் என்ற ரொட்டீன், டைப் செய்த வரி பார்சருக்குப் போகும் முன் அதைத் திருத்த இடம் தரும். கடைசிச் சொல்லைத் தூக்கி முன்னால் வைக்கலாம். அதற்குப் பிறகும் உருபு, சந்தி, பதில் வாக்கியங்கள் எல்லாம் உங்கள் தலையில்தான். கதையைவிட மொழிப் பொதியே பெரிய வேலை ஆகிவிடும்.

40 இடத்துக்கு இது தகாது. டைப் செய்வது வேண்டுமென்றால் சின்ன பார்சரை ஜாவாஸ்கிரிப்டில் நீங்களே எழுதுவது எளிது.

---

மூடியகதவு:

தெளிவாகிவிட்டது, நன்றி. சுகர்கியூப் எடுக்கிறேன். டைப் செய்வதை நான்கைந்து புதிர்களில் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அந்தச் சின்ன பார்சர், உருபுச் சிக்கல் இரண்டையும் யாராவது விரிவாகச் சொன்னால் நல்லது. கூடவே இன்னொன்று: எழுத்து எழுத்தாகத் திரையில் வரும் எஃபெக்ட்டைத் தனியாக எழுதிப் போட்டால், தமிழில் எழுத்துகள் இடமும் வலமும் துள்ளுகின்றன.

---

ஒற்றுமிகும்:

உருபுக்கு எல்லா வடிவத்தையும் கையால் எழுத வேண்டாம். ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டே வடிவம் சேமித்தால் போதும்: எழுவாய், இரண்டாம் வேற்றுமை. புத்தகம், புத்தகத்தை. கயிறு, கயிற்றை. வீடு, வீட்டை. கல், கல்லை. பூ, பூவை. தமிழ் பேசுபவருக்கு இதை எழுத யோசனையே தேவையில்லை, மகரம் கெடுவது, றகரம் இரட்டிப்பது எல்லாம் அதிலேயே முடிந்துவிடும்.

இரண்டாம் வேற்றுமை வடிவத்தின் கடைசிக் குறி "ை". யூனிகோடில் அது ஒரே எழுத்து, இரண்டாகப் பிரியாது. ஆகவே ஜாவாஸ்கிரிப்டில் கடைசி ஒன்றை வெட்டினால் "புத்தகத்த" கிடைக்கும். அதோடு உயிர்க்குறியில் தொடங்கும் உருபை ஒட்டுங்கள்:

"ில்" ஒட்டினால் புத்தகத்தில்
"ால்" ஒட்டினால் புத்தகத்தால்
"ோடு" ஒட்டினால் புத்தகத்தோடு
"ுக்கு" ஒட்டினால் புத்தகத்துக்கு

கயிற்றில், வீட்டுக்கு, கல்லால், பூவோடு எல்லாம் இதே வழியில் சரியாக வரும். எடிட்டரில் "ில்" தனியாக நிற்கும்போது புள்ளிவட்டம் காட்டும், பயப்பட வேண்டாம்.

விதிவிலக்கு "க்கு" மட்டும்தான். இரண்டாம் வேற்றுமை "யை" என்று முடிந்தால் எழுவாயோடு நேராக "க்கு" சேர்க்க வேண்டும். இல்லையேல் "கத்தியுக்கு" என்று வரும். கத்தி, கத்தியை, கத்திக்கு. மலை, மலையை, மலைக்கு. நாய், நாயை, நாய்க்கு. நான், நீ போன்றவற்றை இதில் நுழைக்காதீர்கள், அவற்றைக் கையால் எழுதுங்கள்.

அடுத்து ஒற்று. "ஐ", "க்கு" முடிவுக்குப் பின் வரும் சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் அந்த ஒற்றைச் சேருங்கள்: புத்தகத்தைப் பார், கதவுக்குப் பின்னால். இல், ஆல் இரண்டுக்கும் மிகாது. பத்து வரி ஃபங்ஷன்.

இப்போது பார்சர். பலரும் டைப் செய்த சொல்லிலிருந்து உருபை வெட்டப் பார்ப்பார்கள். அது வேண்டாம். "கோட்டை" என்று வந்தால் அது கோட்டையா, "கோடு" என்பதன் இரண்டாம் வேற்றுமையா? வெட்டும் கோட் இதில் கண்டிப்பாக ஏமாறும். தலைகீழாகச் செய்யுங்கள்: மேலே சொன்ன ஃபங்ஷனை வைத்து 15 பொருளுக்கும் எல்லா வடிவத்தையும் தொடக்கத்திலேயே உண்டாக்கி ஒரு மேப்பில் (வடிவத்தைக் கொடுத்தால் பொருளைத் தரும் அட்டவணை) போடுங்கள். பொருளுக்கு 8 வடிவம் என்றால் 120 பதிவு. மாற்றுப் பெயர்கள் சேர்த்தாலும் சில நூறுதான், போனுக்கு அது ஒன்றுமே இல்லை. போடும்போதே ஒரே வடிவத்துக்கு இரண்டு பொருள் மோதினால் கன்சோலில் எச்சரிக்கச் சொல்லுங்கள். கோட்டைச் சிக்கல் ஆடுபவருக்கு முன் உங்களுக்குத் தெரிந்துவிடும். "கத்தியையும் விளக்கையும் எடு" என்று அடிப்பவர்கள் உண்டு, "ையும்" வடிவத்தையும் சேருங்கள்.

வரியைப் படிக்கும் வரிசை: முதலில் நார்மலைஸ் ஃபங்ஷன், என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோடு) வடிவத்துக்கு. நூல்கண்டு சொன்ன "ொ" சிக்கல் இதில் தீரும். உங்கள் பொருள் பட்டியலையும் அதே ஃபங்ஷன் வழியாகவே அனுப்புங்கள், ஒருபக்கம் மட்டும் செய்தால் பயனில்லை. பிறகு கண்ணுக்குத் தெரியாத ஸீரோ-விட்த் எழுத்துகளை நீக்கி, ஓரத்து இடைவெளியைத் தள்ளி, இடைவெளியில் பிரியுங்கள். கடைசிச் சொல் வினை. மற்றவற்றின் நுனியில் க், ச், த், ப் இருந்தால் எடுத்துவிட்டு மேப்பில் தேடுங்கள். "விளக்கைப் பார்", "விளக்கை பார்", "விளக்கு பார்" மூன்றும் ஒரே இடத்துக்கு வர வேண்டும். ஆடுபவரின் சந்திப் பிழையைத் திருத்துவது விளையாட்டின் வேலை இல்லை.

வினைக்கும் மேப்தான். எடு, எடுக்கவும், எடுத்துக்கொள், தூக்கு எல்லாம் ஒன்றே. கிடைக்காதபோது "புரியவில்லை" என்று மொட்டையாகச் சொல்லாமல், எந்தச் சொல் புரியவில்லை என்று காட்டுங்கள்.

---

நூல்கண்டு:

மேலே உள்ளதோடு சேர்த்து ஒன்றிரண்டு.

உருபு ஃபங்ஷனை ஸ்டோரி ஜாவாஸ்கிரிப்ட் பகுதியில் செட்டப் ஆப்ஜெக்டுக்குள் வையுங்கள், பேசேஜிலிருந்து அச்சிடும் மேக்ரோவால் கூப்பிடலாம். பொருளின் சேமிப்புப் பெயர் ஆங்கிலக் குறியீடாக இருக்கட்டும். தமிழ்ப் பெயர் செட்டப்பில் இருக்கட்டும். பின்னால் எழுத்துப்பிழை திருத்தினாலும் பழைய சேவ் கெடாது.

டைப் செய்ய டெக்ஸ்ட்பாக்ஸ் மேக்ரோவும் பக்கத்தில் ஒரு பட்டனும் போதும். சொந்தமாக இன்புட் எழுதினால் கீடவுன் நிகழ்வை நம்பாதீர்கள். ஆண்ட்ராய்டில் தமிழ் கீபோர்டு பெரும்பாலும் எந்த விசைக்கும் 229 என்ற ஒரே எண்ணைத் தரும். ஃபார்ம் சப்மிட்டைப் பிடியுங்கள்.

துள்ளலுக்குக் காரணம், ஸ்ட்ரிங்கைக் குறி குறியாக வெட்டுவது. "கொ" வரும்போது முதலில் "க" தெரியும், அடுத்த நொடி "ெ" இடப்பக்கம் நுழைந்து "க"வை வலப்பக்கம் தள்ளும். "க்" என்பதும் முதலில் "க"வாகத் தெரிந்து பிறகுதான் புள்ளி ஏறும். ஜாவாஸ்கிரிப்டின் இன்ட்ல் செக்மென்டரை கிராஃபீம் (முழு எழுத்து) முறையில் வைத்துப் பிரித்தால் எழுத்து முழுதாக வரும். "ஸ்ரீ", "க்ஷ" மட்டும் அதிலும் இரண்டாகப் பிரியும், அவற்றைக் கையால் சேர்த்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் எழுத்து எழுத்தாக வேண்டாம், சொல் சொல்லாக வரட்டும். போனில் படிக்கவும் அதுதான் வசதி.

---

பொன்மை:

யாராவது சாய்ஸ்ஸ்கிரிப்ட் என்ற இன்னொரு டூலைச் சொல்லும் முன்: அது இலவசமாகக் கிடைப்பது வணிகமில்லாத பயனுக்கு மட்டும். விற்கும் எண்ணம் இருந்தால் முதலில் லைசன்ஸைப் படியுங்கள். டேபும் ஸ்பேஸும் கலந்து உள்தள்ளினால் எரர் தரும்.

விளையாட்டுகளை வெளியிடும் தளமான இட்ச் டாட் ஐஓவில் ஏற்றும்போது ட்வைன் தரும் ஃபைலின் பெயரை இண்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் என்று மாற்றி, ஸிப்பின் மேல்மட்டத்திலேயே வையுங்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஸிப் செய்தால் பக்கம் திறக்காது. சிஎஸ்எஸில் வரி உயரத்தை 1.7 அளவில் வைத்துவிடுங்கள். ஆங்கிலத்துக்கு அமைத்த உயரத்தில் "கி"யின் மேல்வளைவும் மேல்வரி "கு"வின் வாலும் நெருக்கியடிக்கும்.